துருவ நேர்ப்படுத்தல் பிழையைக் கணினியில் ஒத்திகை பார்ப்பது எப்படி: செட்டிநாட்டு மொட்டை மாடிக்கு ஏற்ற வழிமுறை

சென்ற தை மாதம் கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டு மொட்டை மாடியில் நான்கு இரவுகள் கண்விழித்து எடுத்த படங்கள் அனைத்திலும் விண்மீன்கள் புள்ளிகளாக இல்லாமல் அரிசிமணிகளைப் போல நீண்டிருந்தன. மவுண்டின் (தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் கருவி) பல்சக்கரத்தில்தான் கோளாறு என்று விற்றவர் உறுதியாகச் சொன்னதால் அதைக் கழற்றிக் கட்டி அனுப்பினேன். ஐந்து வாரமும் 4,200 ரூபாயும் போனபின் திரும்பி வந்த மவுண்ட் அதே அரிசிமணிகளைத்தான் காட்டியது. பழுது மவுண்டில் இல்லை, நான் அதன் அச்சை, வானம் சுழலும் மையமான துருவத்திலிருந்து 22 கலை தள்ளி வைத்திருந்தேன் என்பது பிறகு ஒரு பகல் முழுவதும் மடிக்கணினியில் ஒத்திகை பார்த்தபோதுதான் தெரிந்தது. அச்சைத் துருவத்தை நோக்கி வைப்பதற்குத்தான் துருவ நேர்ப்படுத்தல் என்று பெயர். அதன் பிழையைப் பார்க்கும் அந்த ஒத்திகையை முதலிலேயே செய்திருக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. சிறிய நிலநடுவரை மவுண்ட் (துருவத்தை நோக்கிய ஓர் அச்சில் சுழல்வது), ஒரு கேமரா, ஒரு மடிக்கணினி ஆகியவற்றை வைத்துக்கொண்டு இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அளவுகளைப் பஞ்சாங்கத்தில் உள்ளபடியே பாகை, கலை, விகலை என்று குறிப்பிடுகிறேன். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை.

1. முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை

மென்பொருள்கள் கேட்கும் எண்களில் பெரும்பாலானவை இவையே என்பதால், இவற்றைத் தேடி எடுத்து ஒரே தாளில் எழுதிவைத்த பிறகே கணினி முன் உட்காருங்கள். ஊரின் அகலாங்கும் நெட்டாங்கும் வேண்டும். காரைக்குடிக்கு ஏறத்தாழ வடக்கு 10.07 பாகை, கிழக்கு 78.78 பாகை. கேமராவின் ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்பதும், தொலைநோக்கியின் அல்லது லென்சின் குவியத் தொலைவு எத்தனை மில்லிமீட்டர் என்பதும் வேண்டும். மவுண்டின் கையேட்டிலிருந்து இரண்டு செய்திகளை எடுக்க வேண்டும்: அதன் புழுப்பல்லிணை (அச்சைச் சுழற்றும் திருகுப் பல்சக்கரம்) ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் எத்தனை வினாடி, அந்த மவுண்ட் எந்த அகலாங்கு முதல் எந்த அகலாங்கு வரை சாயும்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. குளிர்நாட்டு வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சில மவுண்டுகள் 10 பாகை வரை தாழாது. தாழ்ந்தாலும் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வாங்குவதற்கு முன்பே கையேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பிக்சல் அளவை 206.265-ஆல் பெருக்கிக் குவியத் தொலைவால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையை மறைக்கிறது என்பது கிடைக்கும். 3.76 மைக்ரான் பிக்சலும் 400 மி.மீ. குவியத் தொலைவும் இருந்தால் அது 1.94 விகலை. 4.3 மைக்ரான் பிக்சல் கொண்ட சாதாரணக் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் பொருத்தினால் 4.43 விகலை. இந்த எண்ணைத் தாளின் தலைப்பில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

2. விரிதாளில் முதல் ஒத்திகை

பலரும் நேரடியாக வானியல் மென்பொருளுக்குத் தாவுகிறார்கள். நான் அப்படிப் பரிந்துரைக்க மாட்டேன். லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற ஓர் இலவச விரிதாளில் அரை மணி நேரம் செலவிட்டால் கிடைக்கும் தெளிவு, வண்ணமயமான எந்த மென்பொருளிலும் கிடைக்காது. காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

மனத்தில் இருத்த வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான். அச்சு ஒரு கலை தவறியிருந்தால், மிக மோசமான இடத்தில் இருக்கும் விண்மீன் நிமிடத்திற்கு 0.26 விகலை வீதம் வடக்கிலோ தெற்கிலோ நழுவும். வானம் வினாடிக்கு ஏறத்தாழ 15.04 விகலை சுழல்வதிலிருந்தே இது வருகிறது. ஆகவே 10 கலை பிழையுடன் 5 நிமிட எக்ஸ்போஷர் எடுத்தால் நழுவல் 13 விகலை. முன்சொன்ன 400 மி.மீ. தொலைநோக்கியில் அது ஏறத்தாழ 7 பிக்சல், 200 மி.மீ. லென்சில் 3 பிக்சல். லென்ஸ் வைத்திருப்பவருக்குத் தெரியாத பிழை தொலைநோக்கி வைத்திருப்பவரின் படத்தைக் கெடுத்துவிடுவது இதனால்தான்.

இனி விண்மீன் இருக்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் நெடுவரிசையில் நிமிடங்களை இடுங்கள். இரண்டாவதில் விண்மீனின் மணிக்கோணத்தை, அதாவது உச்சிக்கோட்டிலிருந்து (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே செல்லும் கற்பனைக் கோடு) அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை, பாகையில் இடுங்கள்: உச்சிக்கோட்டில் சுழியம், கிழக்கே எதிர்மறை, மேற்கே நேர்மறை, நிமிடத்திற்குக் கால் பாகை கூடும். மூன்றாவதில், அச்சின் திசைப்பிழையை (கிழக்கே தள்ளியிருந்தால் நேர்மறை, கலையில்) அகலாங்கின் கொசைனாலும் மணிக்கோணத்தின் கொசைனாலும் பெருக்கி, அதனுடன் ஏற்றப்பிழையை (உயர்ந்திருந்தால் நேர்மறை) மணிக்கோணத்தின் சைனால் பெருக்கிக் கூட்டி, மொத்தத்தையும் எதிர்மறை 0.2625-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது நிமிடத்திற்கு இத்தனை விகலை என்ற நழுவல் வேகம்; நேர்மறை வந்தால் வடக்கே, எதிர்மறை வந்தால் தெற்கே. நான்காவதில் அதைக் கூட்டிக்கொண்டே வந்து, ஐந்தாவதில் உங்கள் பிக்சல் அளவால் வகுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. விரிதாளின் சைன், கொசைன் சார்புகள் பாகையை ஏற்பதில்லை, ரேடியனில்தான் கேட்கும். பாகையை மாற்றித் தரும் சார்பைச் சேர்க்க மறந்ததால் என் முதல் வரைபடம் அய்யனார் குதிரையின் பிடரிமயிர் போல அலையலையாக வந்தது. அதை நான் மவுண்டின் குணம் என்று ஒரு மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது திசைப்பிழை 30 கலை கிழக்கு, ஏற்றப்பிழை சுழியம் என்று கொடுத்துப் பாருங்கள். உச்சிக்கோட்டில் உள்ள விண்மீன் இரண்டே நிமிடத்தில் 15.5 விகலை, அதாவது 400 மி.மீ. தொலைநோக்கியில் 8 பிக்சல், தெற்கே ஓடும். அதே விண்மீன் ஆறு மணி நேரம் கழித்து மேற்கே சாயும்போது அசையவே அசையாது. மேற்கு வானத்தில் ஒரு படம் எடுத்து, விண்மீன்கள் புள்ளியாக நிற்பதைக் கண்டு, எல்லாம் சரி என்று முடிவு கட்டுகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உச்சிக்கோட்டு விண்மீன் திசைப்பிழையை மட்டும் காட்டும். கிழக்கு அல்லது மேற்கு விண்மீன் ஏற்றப்பிழையை மட்டும் காட்டும். இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

விரிதாள் உங்கள் கண்முன் நிறுவும் விதிகள் இவை: உச்சிக்கோட்டு விண்மீன் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. கிழக்கு விண்மீன் தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. மேற்கு விண்மீனுக்கு இது தலைகீழ். மனப்பாடம் செய்வதைவிட எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது மேல்.

3. விண்மீன்களைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் ஊரையும் தேதியையும் கொடுத்து, உச்சிக்கோட்டையும் வான நடுவரையையும் (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) காட்டச் சொல்லுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்திற்கு அருகில் ஒரு விண்மீன் வேண்டும். ஜனவரி நடுவில் இரவு 10 மணியளவில் ஓரியனின் இடுப்புப்பட்டை உச்சிக்கோட்டுக்கு வருகிறது. அதன் மூன்று விண்மீன்களில் மேற்கே உள்ள மிண்டாகா கிட்டத்தட்ட வான நடுவரையின் மேலேயே இருக்கிறது. அதே நேரத்தில் மகம் கிழக்கே ஏறத்தாழ 23 பாகை உயரத்திற்கு வந்திருக்கும். இரண்டு சோதனைகளையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

மகம் அப்போது உச்சிக்கோட்டிலிருந்து ஆறு மணி அல்ல, நாலரை மணி தொலைவில்தான் இருக்கிறது. விரிதாளில் அந்த மணிக்கோணத்தை இட்டால், திசைப்பிழையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயும் கசிவது தெரியும். எனவே திசையை முதலில் சரிசெய்த பிறகே ஏற்றத்தைத் தொட வேண்டும். வரிசையை மாற்றினால் இரவு முழுவதும் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும்.

4. பிஎச்டி2 மென்பொருளில் கைப்பழக்கம்

வழிகாட்டிக் கேமராவை (ஒரு விண்மீனைப் பார்த்தபடி மவுண்டின் நகர்வைத் திருத்த உதவும் துணைக் கேமரா) இயக்கும் இந்த இலவச மென்பொருளுக்குள்ளேயே ஒரு போலிக் கேமரா இருக்கிறது. கருவிகளை இணைக்கும் சாளரத்தில் கேமராவுக்கு ‘சிமுலேட்டர்’ என்பதையும் மவுண்டுக்கு ‘ஆன்-கேமரா’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் ‘ஒத்திகை’ என்று தனி ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். உண்மைக் கருவிகளின் ப்ரொஃபைலிலேயே விளையாடினால், அதிலுள்ள அளவீடுகள் போலி மவுண்டின் எண்களால் அழிந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு நல்ல இரவு போய்விடும்.

போலிக் கேமராவின் அமைப்புகளில் நடுவரை விலக்க நழுவலை (வடக்கு தெற்கு நழுவலை) நிமிடத்திற்கு இத்தனை விகலை என்று கொடுக்கலாம். 22 கலை பிழைக்கு 5.8 கொடுங்கள். முதலில் பல்சக்கர அலைவை (பல்சக்கரத்தின் ஒழுங்கின்மையால் வரும் ஆட்டம்) நிறுத்தி, காற்றின் நடுக்கத்தைக் குறைத்து, அளவீட்டை (கேலிப்ரேஷன்) முடித்துவிட்டு, ‘டிரிஃப்ட் அலைன்’ கருவியைத் திறந்து நழுவலைத் தொடங்குங்கள். வரைபடத்தில் சிவப்புப் போக்குக்கோடு ஒரே சீராகச் சாயும். கீழே துருவப் பிழை எத்தனை கலை என்று வரும். அது 22-ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் குவியத் தொலைவையோ பிக்சல் அளவையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

பிறகு பல்சக்கர அலைவைச் சேருங்கள். அது கிழக்கு மேற்காக ஆடும், துருவப் பிழை வடக்கு தெற்காக நழுவும். இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். என் மவுண்டைப் பழுதுபார்க்க அனுப்பியபோது, படத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்பதைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. தொலைநோக்கியைக் கைப்பொத்தானால் சற்று வடக்கே நகர்த்தினால் விண்மீன் படத்தில் எந்தப் பக்கம் போகிறதோ அது தெற்கு. இதற்கு ஐந்து வினாடி போதும்.

மூன்றாவதாகக் காற்றின் நடுக்கத்தைக் கூட்டுங்கள். இப்போது முதல் அரை நிமிடத்திற்குப் போக்குக்கோடு மேலும் கீழும் புரளும். நிலைப்பதற்கு இரண்டு நிமிடமாவது ஆகும். பொறுமையின்றி இருபதாவது வினாடியில் மவுண்டின் திசை, ஏற்றத் திருகைத் தொடுகிறவர், காற்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் திருகைத் திருப்பினாலும் போலி வானத்திற்கு அது தெரியாது. ‘அட்ஜஸ்ட்’ அழுத்தும்போது விண்மீனைச் சுற்றி ஊதாச்சிவப்பு வட்டம் வரும். விண்மீனை எவ்வளவு தொலைவுக்குள் நகர்த்தினால் போதும் என்பதற்கான மேல்வரம்பு அது. உண்மையில் அந்த அளவுக்குள் திருகியதாகக் கொண்டு, அமைப்புகளுக்குப் போய் நழுவல் எண்ணை நீங்களே குறைத்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். மேலும், நழுவலுக்கென்று ஓர் எண்தான் இருக்கிறது. அது திசைப்பிழையா ஏற்றப்பிழையா என்று மென்பொருள் கேட்பதில்லை. விரிதாளை முதலில் வைக்கச் சொன்னது இதனால்தான்: புரிதல் விரிதாளில், கைப்பழக்கம் இங்கே.

ஒரு மாலை நேரம் இதற்குப் போதும்.

5. கேஸ்டார்சும் இண்டியும்: லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு மட்டும்

கேஸ்டார்ஸ் என்ற வான்வரைபட மென்பொருளில் கருவிகளை இயக்கும் ஈகோஸ் பகுதி, இண்டி என்ற கருவிநிரல் தொகுப்பின் போலித் தொலைநோக்கியையும் போலிக் கேமராவையும் கொண்டு உண்மையான விண்மீன் பட்டியலிலிருந்தே படம் வரைந்து காட்டுகிறது. இதுவும் இலவசம், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும். விண்டோசில் கேஸ்டார்ஸ் நிறுவலாமே தவிர, இண்டி கருவிநிரல்கள் அதே கணினியில் நேரடியாக ஓடா. பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு போட்டுக்கொள்வது எளிது.

படம் எடுத்தால் விண்மீனே இல்லாமல் வெறும் சாம்பல் நிறம் வருகிறதா? ‘ஜிஎஸ்சி’ என்ற விண்மீன் பட்டியல் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். அதைச் சொல்லாமல் மென்பொருள் அமைதியாக இருந்துவிடும். ஊர்ப்புறத்துக் கைப்பேசி இணைப்பை நம்பாமல் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வாருங்கள்.

போலிக் கேமராவின் அமைப்புகளில் துருவப் பிழையைக் கலையிலும், நழுவிய நேரத்தை நிமிடத்திலும் கேட்கும் இரண்டு பெட்டிகள் உள்ளன. நான் பயன்படுத்திய பதிப்பில் நேரம் தானாக ஓடவில்லை. 1, 2, 3 என்று நானே மாற்றி மாற்றிப் படம் எடுத்தேன். பிழையை மட்டும் கொடுத்துவிட்டு நிமிடத்தைச் சுழியமாக விட்டால் எதுவும் நழுவாது. இதிலும் திசை, ஏற்றம் என்ற பிரிவு இல்லை.

6. பத்து பாகையின் தொல்லை

நம் வானத்தில் துருவ விண்மீன் 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. எதிர்வீட்டு வளவின் ஓட்டுக்கூரையோ, தென்னையோ, அடிவானப் புழுதியோ அதை மறைத்துவிடும். அது தெரிந்தால்கூட உண்மையான துருவத்திலிருந்து 0.6 பாகை விலகியே இருக்கிறது.

தெரிந்தபின்னும் ஒரு சங்கடம் உண்டு. அவ்வளவு தாழ்ந்த உயரத்தில் காற்று ஒளியை வளைத்து, விண்மீனை ஏறத்தாழ 5 கலை உயர்த்திக் காட்டுகிறது. துருவநோக்கி (மவுண்டின் அச்சு வழியே துருவத்தைப் பார்க்க உதவும் சிறு தொலைநோக்கி) வழியாக மிகக் கவனமாகப் பொருத்தினாலும் ஏற்றத்தில் அந்த 5 கலை தங்கிவிடும். விரிதாளில் அதை இட்டுப் பாருங்கள்: கிழக்கு விண்மீன் நிமிடத்திற்கு 1.3 விகலை நழுவும். 200 மி.மீ. லென்சில் இரண்டு நிமிடப் படத்திற்கு இது பொருட்டே அல்ல, 400 மி.மீ. தொலைநோக்கியில் ஐந்து நிமிடப் படத்தில் மூன்று பிக்சலுக்கு மேல் வரும். ஆகவே நம் பக்கத்தில் மேலே சொன்ன நழுவல் முறையோ, நினா மென்பொருளின் மூன்றுபுள்ளி முறைபோல் வானத்தின் எந்தப் பகுதியையும் வைத்துக் கணக்கிடும் முறையோதான் கைகொடுக்கும். துருவத்தையே படமெடுக்கக் கேட்கும் முறைகளை வாங்குவதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

7. மாடிக்கு ஏறும்போது

காந்த ஊசியை நம்ப வேண்டாம். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு சிறியதுதான். ஆனால் பழைய வீடுகளில் தளத்துக்கு அடியில் ஓடும் இரும்பு உத்திரங்கள் ஊசியை இழுக்கின்றன. ஆயா வீட்டு மாடியில் நான்கடி தள்ளி நின்றால் ஊசி வேறு வடக்கைக் காட்டியது. பகலிலேயே தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை ஸ்டெல்லேரியத்தில் பார்த்து, அந்த நிமிடத்தில் விழும் நிழலைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி அல்ல. நம் நெட்டாங்கில் சராசரியாக 12.15, பருவத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். சித்திரை பிறக்கும் நாள்களிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதால் நிழலே விழாது; அப்போது இந்த வழி உதவாது.

ஒத்திகையில் கிடைக்காத ஓர் எண்ணையும் அங்கேயே அளந்துகொள்ளுங்கள். உச்சிக்கோட்டு விண்மீனின் நழுவலை இரண்டு நிமிடம் அளந்து, திசைத் திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடியும் அளங்கள். முதலில் 400 மி.மீ. தொலைநோக்கியில் இரண்டு நிமிடத்தில் 6 பிக்சல், அதாவது நிமிடத்திற்கு 5.8 விகலை, அதாவது 22 கலை. கால் சுற்றுக்குப் பின் 8 கலை என்றால், உங்கள் திருகின் கால் சுற்று 14 கலை. அதைத் தாளில் எழுதிவிட்டால் அடுத்த முறை தடவித் தடவித் திருப்ப வேண்டியதில்லை. என் திருகு அப்படித்தான் இருந்தது. 8 கலையைப் போக்க அதை ஓர் அரைக்கால் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினேன்.

நேரக் கணக்கு: மவுண்டை நிறுத்திச் சமன்செய்யக் கால் மணி, திசைக்கு அரை மணி, ஏற்றத்திற்கு அரை மணி. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒத்திகையை முடித்துவிட்டுத் தை, மாசியில் மாடி ஏறுங்கள். பங்காளிகள் சேர்ந்து ஆளும் வீடாக இருந்தால், சாவி வைத்திருப்பவரிடம் மட்டுமல்லாமல் அந்தப் பக்கத்துப் பங்குக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நள்ளிரவில் மாடியில் சிவப்பு விளக்குடன் ஓர் ஆள் நடமாடினால் தெருவே விழித்துக்கொள்ளும்.

கடைசியாக, முக்காலியின் மூன்று கால்களும் ஊன்றிய இடத்தைத் தட்டோட்டின் மேல் குறித்துவையுங்கள். பெயிண்ட் வேண்டாம், அதற்கு எந்தப் பங்காளியும் ஒப்பமாட்டார். இணைப்பில் ஒரு சிறிய சிமெண்டுப் பொட்டு போதும். மறுமுறை அதே பொட்டுகளில் கால்களை ஊன்றியபோது, என் முதல் அளவீட்டிலேயே பிழை 9 கலையாக இருந்தது.